வந்த பிள்ளை அழக்கூடாது

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை. கல்யாணம் கட்டி வந்த புதிதில் பிடித்த மாதிரி நடந்து பார்த்தேன். பிள்ளை பிறந்த பிறகு அந்த நடிப்பும் அலுத்துப்போனது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒற்றுமை. காணிச் சண்டை, நகைச் சண்டை என்று நினைக்க வேண்டாம். ஒரு பந்து, ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, இவ்வளவுதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், எனக்கு வரவில்லை.

நான் கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு நேர்சரியில் டீச்சர். “எல்லாரும் பங்கு போட்டு விளையாடணும்” என்று காலை முழுக்கச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நானும் சொல்கிறேன், பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள், ஒருவரும் பங்கு போடுவதில்லை. மடவளையிலிருந்து வருகிற ஒரு பையன், அவனுடைய உம்மா வாங்கிக் கொடுத்த சின்னக் காரைக் காற்சட்டைப் பைக்குள் வைத்து, பைக்கு மேல் ஒரு கையையும் வைத்துக்கொண்டு, பாட்டுக்கு மற்றக் கையால் மட்டும் ஆடுவான். தண்ணீர்ப் போத்தலை வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளை, இன்னொரு பிள்ளையின் போத்தலில் குடிக்கச் சொன்னால் தொண்டை காய்ந்து நிற்குமே தவிர வாய் வைக்காது. “டீச்சர், எங்க புள்ளைக்குக் கொஞ்சம் மத்தவங்களோட ஷேர் பண்ணப் பழக்குங்க” என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அவருடைய கைப்பை மேசையில் இடைஞ்சலாக இருந்தது. அதை நான் ஒரு ஓரமாக நகர்த்தி வைத்ததும், அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாய்ந்து வந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

என் மகளுக்கு இரண்டு வயதில், அவளுக்குச் சொந்தமில்லாத பொருள் உலகத்தில் கிடையாது. நிலா எனக்கு. பஸ் எனக்கு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கொடியில் காயப்போட்ட சிவப்புத் துவாயும் எனக்கு. குசினியில் இருந்த கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதை மாற்ற வந்த ஆளைப் போ போ என்று விரட்டினாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், என்ன இவ்வளவு ஆசைக்காரியாக இருக்கிறாள் என்றார்கள். நேர்சரியில் பார்த்துப் பழகிய எனக்கு அதில் பயமில்லை. கொஞ்சநாள் பொறுத்தால் அடுத்தது வரும் என்று தெரியும்.

வந்தது. மூன்று வயதில் அவள் மற்றவர்களின் பொருட்களுக்கும் காவல்காரி ஆனாள். அப்பாவின் சீப்பை எடுத்து நான் தலை வாரினால், பிடுங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வருவாள். யாருடைய துவாய் எது, யாருடைய கோப்பை எது, யார் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்பதெல்லாம் எங்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். மாறி எடுத்தால் வீடு இரண்டாகும். எனக்கு எனக்கு என்று கத்தித் தீர்த்த பிள்ளைக்குத்தான், இது உனக்கு என்பதும் விளங்குகிறது. அதற்குப் பிறகுதான் கொடுக்கவும் வந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு பிஸ்கட் ஒன்றை உடைத்து, இரண்டு துண்டையும் உற்றுப் பார்த்து, சின்னத் துண்டை நீட்டினாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. யோசித்துக் கொடுத்தாளே, அதுதான் கொடுப்பது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாக என் நாத்தனார் நினைக்கிறார். “படிச்சவங்க வளக்குற புள்ள” என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்வார். நான் வளர்ந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றதும் சிலர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அங்கே எனது உனது என்ற பேச்சே இருந்திருக்காது இல்லையா என்று கேட்பார்கள். யார் சொன்னது? குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வாசல் தோட்டத்துக்குச் சொந்தம். அம்மா தினமும் ஏறிப்போன மலையும் தோட்டத்துக்குச் சொந்தம். மிச்சமிருந்த வாளியும் குடமும்தான் எங்களுக்கு. அதனால் அவற்றுக்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் வைத்த வாளி மாறிவிடக்கூடாது என்று அம்மா கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன் விளிம்பில் சூடு போட்டிருந்தார். பக்கத்துக் காம்பராப் பெண் ஒருநாள் அந்த வாளியைத் தன்னுடையது என்று தூக்கிவிட்டார். அதற்கு அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எனக்கும் தம்பிக்கும் ஒரே தட்டு, ஒரே போர்வை. எனக்கென்று இருந்தது ஒரு சீப்பு. அதைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுத்தேன். எல்லாரும் எல்லாவற்றையும் பங்கு போட்டு வாழ்ந்தோம் என்று கதைவிடுகிறவர்கள், வாளி நிறைய வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்.

என் நாத்தனாரின் வீடு பன்வில பக்கம். புருஷன் பஜாரில் வீட்டோடு சேர்த்துப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவன். கண்டி டவுனில் சனிக்கிழமை காலையில் அவனுக்கு இங்கிலீஷ் கிளாஸ். அதை முடித்துக்கொண்டு தாயும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்களுடையது மேல்மாடி வாடகை வீடு. ரோட்டிலிருந்து நீளமான படி. கீழே த்ரீவீலர் நிற்கிற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கடுப்பு ஏறும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிள்ளை, போகிற நேரத்தில் எதையாவது கேட்டு அழுதால் அதைக் கொடுத்தனுப்பிவிட வேண்டும். வந்த பிள்ளை அழுதுகொண்டு படியிறங்கினால் அந்த வீட்டுக்கு ஆகாதாம். வீட்டுப் பிள்ளை அழுதால் மட்டும் ஆகுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. அதை அள்ளித் தூக்கிக்கொண்டு உள்ளே போய், நாளைக்கு வேறு வாங்கலாம் என்று ஒரு பொய்யைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். நானும் சின்ன வயதில் அப்படி அடைபட்டவள்தான்.

அந்தப் பையன் இந்தப் பழக்கத்தைக் கரைத்துக் குடித்திருந்தான். விளையாடும்போது அழமாட்டான். சாப்பிடும்போது அழமாட்டான். என் மகள் அவன் கையிலிருந்து எதையாவது பிடுங்கினால்கூடச் சும்மா விட்டுவிடுவான். சப்பாத்தை மாட்டுகிற நேரத்தில்தான் ஆரம்பிப்பான். ஒரு காலில் சப்பாத்து, மறுகால் வெறுங்கால், கண்ணில் தண்ணீர். கேட்கிற பொருளை அவன் அன்று தொட்டிருக்கவே மாட்டான். என் மகள் எதை அதிகம் தூக்கிக்கொண்டு திரிந்தாள் என்பதைப் பார்த்து வைத்திருப்பான். அவ்வளவுதான் அவன் கணக்கு. ஐந்து வயதில் இப்படி ஒரு மூளை வேலை செய்வதை வேறொரு வீட்டில் பார்த்திருந்தால் ரசித்திருப்பேன்.

முதலில் பந்து போனது. பிறகு காது வைத்த நீலக் குடை. பிறகு கலர்ப் பெட்டி. எடுத்துக் கொடுப்பது எப்போதும் என் கணவர். “அழுவுறான் பாரு, குடுத்துடு” என்று தன் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே எழும்புவார். அவரை வளர்த்தது அந்த அக்காதான். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போக, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தார். அந்தக் கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். பொய்யாக இருந்தால் ஒரு வார்த்தையில் நறுக்கிவிட்டிருப்பேன்.

குடை போன அன்று என் மகள் அழவில்லை. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்.

“கொடைய ஏன் அவங்க கொண்டு போனாங்க?”

“நாம குடுத்துட்டோம்ல கண்ணு” என்றார் என் கணவர்.

“நா குடுக்கலையே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். பொருள் யாருடையதோ அவர்தான் கொடுக்க முடியும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு குடும்பமே அது தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது கதிரை. என் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மருமகளுக்கு என்று ஒரு சின்னச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையை பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். தாய்மாமன் கொண்டுவந்த சாமான். என் வீட்டுப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்குள் வந்தவை குறைவு, அதனால் எனக்கும் அந்தக் கதிரைமேல் ஒரு கண் இருந்தது உண்மை. ஆனால் அவளுக்கு அது அதற்கும் மேலே. அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அதைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலருகே வைத்து மழை பார்ப்பாள். கால் தரையில் முட்டுகிற ஒரே இருக்கை அந்த வீட்டில் அதுதான். எங்கள் கதிரைகளில் உட்கார்ந்தால் அவள் தொங்குவாள், அதில் உட்கார்ந்தால் இருப்பாள்.

ஒரு சனிக்கிழமை நேர்சரியில் பெற்றோர் கூட்டம். நான் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். என் மகள் ஜன்னலுக்குக் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். கதிரை எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

“த்ரீவீலர்ல ஏறமாட்டேன்னு உருண்டு பொரண்டான். என்ன செய்யச் சொல்ற?” என்றார் என் கணவர்.

“உருளட்டும்னு வுட்டிருக்கணும்.”

“ஒரு பிளாஸ்டிக் கதிரைக்கு இவ்வளவு பேச்சா?”

“அவ கால் தரையில முட்டுற கதிரை அது ஒண்ணுதான்.”

அவர் மறுநாளே டவுனுக்குப் போய் அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். அதே சிவப்பு, அதே அளவு. இவ்வளவு கச்சிதமாக வாங்கி வந்ததில் அவருக்கு ஒரு பெருமை வேறு. என் மகள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து அதன் காலடியைப் பார்த்தாள்.

“இது அது இல்ல” என்றாள்.

அதே கதிரைதான் என்று அவர் மன்றாடினார். அதில் அவள் உட்காரவேயில்லை. கொஞ்சநாளில் நான் அதன்மேல் துவைத்த துணியைப் போட ஆரம்பித்தேன்.

பன்விலயில் அவர்களுடைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டி வந்தது. எனக்கு மனமில்லை. போகாவிட்டால் அது ஒரு பேச்சாகும் என்று போனோம். தேர் பார்த்துவிட்டு நாத்தனார் வீட்டில் சாப்பாடு. வீட்டுக்குள் நுழைந்த கையோடு என் மகள் வேலையைத் தொடங்கினாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து, “என்னோட பந்து” என்றாள். பந்தில் காற்று இல்லை. கதவுக்குப் பின்னால் குடை. ஒரு காது பிய்ந்திருந்தது. “என்னோட கொட.” சத்தம் போடவில்லை, பிடுங்கவில்லை. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போனாள். “கணக்கெடுக்க வந்திருக்கா பாரு ஒங்க மருமக” என்று நாத்தனார் தன் புருஷனிடம் சொல்லிச் சிரித்தார்.

கதிரை வீட்டின் முன்பக்கம் இருந்த கடையில் நின்றது. அதன்மேல் ஒரு வெங்காயக் கூடை. அந்தப் பையன் அதில் ஒருநாளாவது உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மகள் இரண்டு கையாலும் கூடையைத் தள்ளினாள். வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது. “ஏய், கடைச் சாமானுல கை வைக்காத!” என்று நாத்தனார் அதட்டியதில் அவள் நடுங்கிப்போனாள். நான் குனிந்து வெங்காயம் பொறுக்கினேன். ஒவ்வொரு வெங்காயத்தையும் கூடையில் போடும்போது வாய்க்கு வந்ததை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிளம்புகிற நேரம் வந்தது. என் மகள் வாசலில் உட்கார்ந்தாள். ஒரு காலில் சப்பாத்தை மாட்டினாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, கடைப் பக்கம் பார்த்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தே படித்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். சரி, இப்போது பார்க்கலாம் என்று நானும் நின்றேன்.

“அது அத்தானோடது கண்ணு. அழக்கூடாது. இந்தா” என்று நாத்தனார் ஒரு பிஸ்கட் பக்கட்டை நீட்டினார்.

“அண்ணி, வந்த புள்ள அழுவுது” என்றேன்.

“யாரு வந்த புள்ள? இவளா?” நாத்தனார் அவளுடைய கன்னத்தைக் கிள்ளினார். “இவ இந்த வூட்டுப் புள்ள. நாளைக்கு எம்மவனக் கட்டிக்கிட்டு இங்கதான வரப்போறா? இவளே எங்களுக்குத்தான். கதிரை என்ன பெருசு?”

அத்தை மகன், மாமன் மகள் என்றால் தொட்டிலிலேயே முடிச்சுப் போட்டுப் பேசுவது எங்கள் வீடுகளில் வழக்கம்தான். பல் விழாத பிள்ளையைப் புருஷன் என்பார்கள், பொண்டாட்டி என்பார்கள், சிரிப்பார்கள். அவனை அண்ணா என்று கூப்பிட நான் மகளுக்குப் பழக்கியிருந்தேன். நாத்தனார் வரும்போதெல்லாம் அதை அத்தான் என்று திருத்துவார். அது எங்களுக்குள் நடந்த இன்னொரு யுத்தம். அன்றைக்கு அவர் அதோடு நிற்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“எம்மவன் கேட்டு அழுதான்னா தம்பி இவளயும் தூக்கிக் குடுத்துருவான். இல்லையா தம்பி?”

“பின்ன?” என்றார் என் கணவர், சிரித்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. பிஸ்கட் பக்கட்டுக்காக நின்றதாக அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தாளே என்று அவள்மேல்கூடக் கொஞ்சம் எரிச்சல்பட்டேன்.

பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டோம்.

“வெளையாட்டுக்குச் சொன்னாங்க. அதையும் பெருசாக்காத.”

“வெளையாட்டுன்னு அவளுக்குத் தெரியுமா?”

“அவ தூங்குறா.”

அவள் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு கை என் சேலை முந்தியைப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ‘எனக்கு’ என்ற சொல் நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பொம்மையை எடுத்தால் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சீப்பை யார் எடுத்தாலும் கவலைப்படவில்லை. “நல்ல புள்ளயா மாறிட்டா பாத்தியா” என்று என் கணவர் மகிழ்ந்தார். நேர்சரிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே கூட வேலை செய்கிற டீச்சரும், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாள் என்று மெச்சினார். எனக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பில் கத்துகிற பிள்ளையைப் பற்றி நான் பயப்படமாட்டேன். திடீரென்று அடங்கிப்போகிற பிள்ளையைத்தான் கூப்பிட்டு மடியில் வைத்து விசாரிப்பேன். என் பிள்ளையையும் விசாரித்தேன். ஒன்றுமில்லை என்றாள்.

சனிக்கிழமை வந்தது. நான் குசினியில் பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தேன். கீழே த்ரீவீலர் நின்றது. படியேறி வந்த நாத்தனாரின் குரல் வாசலிலேயே உயர்ந்தது.

“அடடே, இங்க பாரேன்! அத்தானுக்குன்னு எல்லாத்தயும் எடுத்து வச்சிருக்கா!”

கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். சுவரோரமாக வரிசையாக எல்லாம் இருந்தன. ஒரு கையில்லாத பொம்மை. சமையல் சாமான் செட். அவள் உட்காராத புதுக் கதிரை, அதன்மேல் கிடந்த துணிகளைக் காணவில்லை. நேர்சரிப் பை. தீபாவளிக்கு எடுத்த சட்டை. பல் துலக்குகிற பிரஷ்கூட இருந்தது. ஒரு மிட்டாய்த் தாளை மடித்து வைத்திருந்தாள், அதுவும் வரிசையில் இருந்தது. அந்தப் பையன் வரிசை முழுக்க ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் திரும்பி வந்தான். யாரும் பிடித்துக்கொண்டிருக்காத சாமான் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

“அவ எங்க?” என்று கேட்டான்.

படுக்கையறையில் இல்லை. கட்டிலுக்குக் கீழே இல்லை. அலுமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே, தொங்குகிற என் சேலைகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேர்த்துக் கொட்டியிருந்தது.

“கதவ மூடுங்கம்மா” என்றாள் மெதுவாக.

“ஏன் கண்ணு?”

“எல்லாத்தயும் வெளிய வச்சிட்டேன். எல்லாத்தயும் அவனே எடுத்துக்கிடட்டும். என்ன மட்டும் குடுத்துராதீங்கம்மா.”

அவளை வெளியே இழுத்து நெஞ்சோடு அணைத்தேன். உடம்பு விறைத்துப்போய் இருந்தது. யாரும் உன்னைக் கொடுக்கமாட்டார்கள் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பித் தலையாட்டவில்லை. குடை போன பிறகு, நாளைக்கு வேறு வாங்கலாம் என்று நாங்கள் சொன்னபோதும் அவள் இப்படித்தான் தலையாட்டியிருந்தாள்.

என் கணவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். “சின்னப் புள்ள, அதுக்கு என்ன...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவளைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே கொஞ்சநேரம் நின்றது. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வந்தவர்களுக்கு அவரே சோறு போட்டார். பாத்திரச் சத்தமும் நாத்தனாரின் சிரிப்பும் கதவைத் தாண்டி வந்தன. சாப்பாடு முடிந்தது. சப்பாத்துச் சத்தம் கேட்டது. என் மகளின் விரல்கள் என் தோளில் இறுகின.

அழுகை ஆரம்பித்தது.

“அவ வேணும்! அவளக் கூட்டிக்கிட்டுப் போவணும்!”

பாவம், அவனுக்கு விளையாட ஆள் இல்லாத ஏக்கம். அன்றைக்கு வேறு எதையும் அவன் கேட்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

“பாத்தியா தம்பி, பொண்டாட்டியக் கேக்குறான்!” நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். “தூக்கிட்டு வாயேன். ரெண்டு நாள் எங்க வூட்ல இருக்கட்டும். காய்ச்சல நாங்க பாத்துக்கிறோம்.”

கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை அழுதால் எழும்புவது என் கணவருக்குக் கைகால் பழக்கமாகிவிட்டது. அவர் எதற்காக எழும்பினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஹாலுக்கு வந்தபோது அவர் அறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க” என்றேன்.

உட்கார்ந்தார்.

“அண்ணி, அழுவட்டும். அழுதுகிட்டே போகட்டும்.”

“என்னது?” நாத்தனாரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. “வந்த புள்ள அழுதுகிட்டுப் படியெறங்குறதா?”

“ஆமா. எங்க வூட்டுக்கு என்ன ஆகுமோ அது ஆகட்டும். இனிமே இங்கேருந்து ஒண்ணும் போகாது. இவ யாருக்கும் பொண்டாட்டியும் இல்ல. இவ முன்னால அந்தப் பேச்சு இன்னொரு தடவ வந்தா, சோத்துக்கு வேற வூடு பாத்துக்கிடுங்க.”

இத்தனை வருஷமும் அடக்கி வைத்தது ஒரேயடியாக மேலே வந்தது. நாத்தனார் தன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். “நா தூக்கி வளத்தது இதுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டு, மகனின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் ஒரு சப்பாத்தோடு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பி என் மகளைப் பார்த்து அழுதுகொண்டே இறங்கினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் வா என்று கூப்பிடவில்லை.

நான் வாசற்கதவைச் சாத்தினேன். படியில் அழுகை கீழே கீழே போனது. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். த்ரீவீலர் கிளம்பி வளைவில் திரும்புகிற வரைக்கும் அவன் குரல் வந்தது.

“அழுது முடிச்சிட்டானா?” என்று என் காதுக்குள் கேட்டாள்.

“முடிச்சிட்டான்.”

கீழே இறக்கிவிடக் குனிந்தேன். அவள் காலைத் தூக்கி என் இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் பாத்துட்டு எறங்குறேன்மா” என்றாள்.